டர்பனில் வீட்டுத் தோட்டம்: தரையா, தொட்டியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் இடத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், தரையா தொட்டியா என்பதை இங்கே தீர்மானிப்பது தண்ணீர். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மி.மீ. மழை பெய்கிறது, பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் மண் காய்ந்து கிடக்கும். ஆனால் கடலோரத்தில் உறைபனி விழாததால் ஆண்டு முழுக்க ஏதாவது விளையும்.

மழைக்காலத்தில் தொட்டிக்குத்தான் ஆதாயம். அடியில் ஓட்டை சரியாக இருந்தால் வேர் அழுகாது. சத்து மழையோடு கரைந்து போகும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உரம் போட வேண்டும், அவ்வளவுதான். தரையில் கதை வேறு. சரிவான மனையில் நெட்டுவாக்கில் பாத்தி போட்டால் ஒரே மழையில் மேல்மண் கீழ்வீட்டுக்குப் போய்விடும். 2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்கே பாத்தி பிடித்து, கீழ் விளிம்பில் எலுமிச்சைப்புல்லை நெருக்கமாக நடுங்கள். மண்ணும் நிற்கும், தேநீருக்கும் ஆகும்.

குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ். தொட்டி தினமும் தண்ணீர் கேட்கும். குழாய் வறண்ட நாளில் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. கூரைத் தண்ணீர் பிடிக்க ஜோஜோ டேங்க் இல்லாத வீட்டில் இருபது தொட்டி வைப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். தரையிலோ காய்ந்த இலையை மூடாக்காகப் பரப்பிவிட்டால் வாரத்துக்கு இரண்டு முறை ஊற்றினாலே பெரும்பாலும் தாங்கும்.

தரைக்கு எதிரான பெரிய குறை வேர்முடிச்சு நூற்புழு. சூடான மணற்பாங்கான மண் அதற்குச் சொர்க்கம். தக்காளியும் வெண்டையும் நண்பகலில் துவண்டு, மாலையில் தேறி, நாளாக ஆக மஞ்சளாகிவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். அந்த இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லியை அடர்த்தியாக வளர்த்து, பிறகு மண்ணோடு கொத்திவிடுவது ஓரளவு பலன் தரும். புது மண்கலவை நிரப்பிய 20 லிட்டர் பெயின்ட் வாளியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பெரியவர்கள் “எல்லாம் தரையில்தான் போட வேண்டும்” என்று அடித்துச் சொல்வார்கள். டர்பனின் கேட்டோ மேனர், கிளேர்வுட் பக்கம் நம் இந்திய வம்சாவளியினர் காய்கறி பயிரிட்ட காலத்தின் சொல் அது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த நிறவெறிக் கால குரூப் ஏரியாஸ் சட்டம் பலரை அங்கிருந்து பெயர்த்துவிட்டது. இன்று பல வீடுகளில் இருப்பது மேட்டை வெட்டிச் சமன் செய்த மனை. மேல்மண் போய் அடிமண் வெளியே தெரிகிறது. அதில் அந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எருவும் மக்கு உரமும் கொட்டி இரண்டு மூன்று பருவம் பொறுக்க வேண்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கலாமா? இங்கே ஆடி என்பது வறண்ட குளிர். நேரே பாத்தியில் விதைத்தால் வீண். ஆனால் ஆடிக் கடைசியில் மிளகாய், கத்தரி விதையைத் தட்டில் தூவி வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால், செப்டம்பர் கடைசி வாக்கில் நாற்று தயார். ஆகவே தரைக்காரர்களும் தொட்டியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது!

பயிர்வாரியாகப் பார்த்தால், மடும்பி என்கிற சேம்பு, சுரை, பீர்க்கு, முருங்கை இவையெல்லாம் தரைக்குத்தான். சேம்புக்கு ஈரமான மூலை கிடைத்தால் போதும், கவனிக்காமலே விளையும். புதினாவைத் தரையில் விடாதீர்கள், பாத்தியையே பிடித்துக்கொள்ளும். கொத்தமல்லி தொட்டிக்கு நல்லது. விதையை இரண்டாக உடைத்து ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை தூவலாம். கோடையில் தூவினால் இலை சேரும் முன்பே பூத்துவிடும்.

கறிவேப்பிலையில்தான் எனக்கு இரண்டு மனம். தரையில் மரமாகிவிடும், பக்கக்கன்றுகள் சுற்றிலும் கிளம்பும், பழத்தைப் பறவைகள் தின்று அக்கம்பக்கமெல்லாம் விதைத்துவிடும். பெரிய தொட்டியில் கிள்ளிக் கிள்ளி வளர்த்தால் ஒரு வீட்டுச் சமையலுக்குத் தாராளம். சின்ன மனை என்றால் தொட்டிதான்.

குரங்குக்குத் தரை, தொட்டி என்ற பேதம் கிடையாது. தக்காளி பழுக்கும் முன்பே பறித்துப் போய்விடும். ஆனால் நாலு வாளியைச் சேர்த்து வைத்துக் கம்பிவலைக் கூண்டு போடுவது எளிது. முழுப் பாத்திக்கும் போடுவது செலவு. அந்த ஒரே காரணத்துக்காகத் தக்காளியை நான் வாளிக்குத் தள்ளிவிட்டேன்.