இறகு கட்ட எந்தத் தூண்டில் முள்: எவர்சில்வரா, காபன் உருக்கா?

வெறும் இரை குத்துகிற முள் கறள் பிடித்தால் எறிந்துவிட்டு வேறொன்று கட்டலாம். மீனை ஏமாற்ற இரைபோல இறகு கட்டிய முள் அப்படியல்ல. சேவல் இறகு தெரிந்து, நூல் சுற்றி, தலையில் பசை தடவிக் காயவைத்த உழைப்பு முழுவதும் அந்தக் கம்பியை நம்பித்தான் இருக்கிறது.

காபன் உருக்கின் பலம் கூர்மை. கம்பி மெல்லியதாக இருந்தாலும் விறைப்புக் குறையாது, சீலா மீனின் கடினமான வாயிலும் சட்டென்று ஏறும். ஆனால் திருகோணமலைக் கொட்டியாரக் குடாவின் உப்புத் தண்ணீர் அதைச் சும்மா விடாது. பூச்சு முதலில் உரசிப்போவது நுனியில், கறள் தொடங்குவதும் அங்கேதான். நூலுக்கு அடியில் ஈரம் தங்கினால் வெளியே தெரியாமலே கம்பி அரிபடும், வெள்ளை இறகில் பழுப்புக் கறை இறங்கும்.

எவர்சில்வர் இதையெல்லாம் தாங்கும். ஆனால் அதே தடிப்பில் கொஞ்சம் மெது. பெரிய பாரை மீன் இழுத்தால் வளையப் பார்க்கும். ஆகவே தடித்த கம்பியாக வாங்குங்கள். நுனி மழுங்கினால் சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு போதும்.

முள்ளின் அளவு எண்ணிலும் கவனம்: 1/0-ஐ விட 2/0 பெரிது, ஆனால் 4-ஐ விட 8 சிறிது.

கடலுக்கு நான் எவர்சில்வர்தான் சொல்வேன். ஒரு கவலை, தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) அறுந்தால் முள் மீன் வாயில் நெடுநாள் கிடக்கும். அது எளிதில் கழன்றுவிட, இறகு கட்டுவதற்கு முன்பே நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கந்தளாய்க் குளம் மாதிரி நன்னீர் என்றால் சரி, காபன் முள்ளே தாராளம்.