மேம்படுத்தலுக்குப் பின் போன வைஃபையை மீட்ட யூஎஸ்பி அடாப்டர்

லினக்ஸை மேம்படுத்தியதும் என் லேப்டாப்பில் வைஃபை பட்டியலே காலி. வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் (rfkill) கட்டளை தடை எதையும் காட்டவில்லை. உள்ளே இருக்கும் வன்பொருளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையில் வைஃபை கார்டு தெரிந்தது, ஆனால் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை. தனியாக நிறுவியிருந்த டிரைவர் புதிய கர்னலுக்கு (லினக்ஸின் மையப்பகுதி) ஏற்ப மறுபடி உருவாக்கப்படவில்லை. இணையமே இல்லாமல் அதைச் சரிசெய்வது பெரிய அவஸ்தை.

அதனால்தான் மீடியாடெக் எம்டி7612யு சிப் உள்ள யூஎஸ்பி அடாப்டரை வாங்கினேன். இதன் டிரைவர் 4.19 பதிப்பு முதல் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. செருகியதும் நெட்வொர்க்குகள் வரிசையாக வந்துவிட்டன, 5 கிகாஹெர்ட்ஸ் உட்பட. அப்புறம், அதன் வழியாகவே உள் கார்டின் டிரைவரையும் நிறுவிக்கொண்டேன்.

நீட்டிக்கொண்டு நிற்பதும் சூடாவதும் பிடிக்கவில்லை. வாங்குகிறவர்கள் மாடல் பெயரை நம்பாமல் சிப் எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில் வேறு சிப்பும் வருகிறது.