அதே கதையா, புதிய புத்தகமா?

இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோர் பலருக்கும் இந்தக் குழப்பம் வருவதுண்டு. பக்கங்கள் கசங்கிப்போன அதே புத்தகத்தைக் குழந்தை இருபதாவது முறையாக நீட்டும்போது, அதையே வாசிப்பதா, இன்னும் பிரிக்கப்படாத புதிய புத்தகத்தை எடுப்பதா?

சொற்களை மனத்தில் பதிப்பதில் மறுவாசிப்புக்கே வலு அதிகம். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெசிக்கா ஹோர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினர் ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். மற்றவர்கள் வெவ்வேறு கதைகளைக் கேட்டனர். புதிய சொற்கள் இரு பிரிவினரின் காதிலும் சம எண்ணிக்கையில்தான் விழுந்தன. ஆயினும் ஒரே கதைகளைக் கேட்டவர்களே அந்தச் சொற்களை நன்கு நினைவில் வைத்திருந்தனர். முதல் வாசிப்பில் குழந்தையின் கவனமெல்லாம் யார் வந்தார்கள், என்ன ஆயிற்று என்பதிலேயே செலவாகிவிடுகிறது. கதை தெரிந்த பிறகுதான் சொற்களையும் படத்தின் மூலையில் இருக்கும் சிறு பூச்சியையும் கவனிக்க அதற்கு நேரம் கிடைக்கிறது. கேள்விகளும் அப்போதுதான் மாறுகின்றன: "இது என்ன?" என்று கேட்ட குழந்தை, "அது ஏன் அழுதது?" என்று கேட்கத் தொடங்குகிறது. நாம் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால் மீதியைத் தானே சொல்லி முடிக்கிறது. (தூக்கக் கலக்கத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிப் பாருங்கள், உடனே பிடிபடுவீர்கள்.)

புதிய புத்தகத்தின் பலம் வேறு. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, 100 படப் புத்தகங்களில் உள்ள மொழியைப் பெற்றோர் குழந்தைகளுடன் பேசும் பேச்சோடு ஒப்பிட்டு, புத்தகங்களில்தான் வெவ்வேறு சொற்கள் அதிகம் என்று கண்டது. அந்தச் செழிப்பு பல புத்தகங்கள் சேர்ந்து தருவது. ஒரே புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் அதில் இல்லாத சொல் வரப்போவதில்லை.

ஒலிப்பதிவுக் கதையும் சலிக்காமல் திரும்பச் சொல்லும். ஆனால் குழந்தை இடையில் கேள்வி கேட்டால் அது நின்று பதில் சொல்லாது என்பதால், அதை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

மறுவாசிப்பின் உண்மையான குறை பெரியவரின் சலிப்புதான். கடமைக்கு ஒப்பிக்கும் குரலில் வாசித்தால், மேலே சொன்ன உரையாடலுக்கு இடமே இராது; அத்தகைய இரவில் ஒரு கேள்வியை மட்டும் புதிதாகக் கேட்டுப் பார்ப்பது உதவும்.

என் கணிப்பில், உறங்கும் நேரத் தேர்வைக் குழந்தையிடமே விட்டுவிடலாம். களைத்த மனம் தெரிந்த கதையில் எளிதாக அமைதியடைகிறது. புதியதைக் குழந்தை விழிப்பாக இருக்கும் பகல் வேளையில் அறிமுகப்படுத்துவது நல்லது. முதல் நாளில் ஆர்வம் காட்டவில்லை என்று அதை ஒதுக்கிவிடாமல், ஓரிரு நாள்களில் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். இன்று கசங்கிக் கிடக்கும் அந்தப் பிரியமான புத்தகமும் முதல் வாசிப்பிலேயே பிடித்துப்போனதாக இருக்க வேண்டியதில்லை.