ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி: 'டோரி' என்ற சொல்லை முன்வைத்து ஒரு மதிப்பீடு

டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்துவரும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி, ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைக் கட்டணமின்றிப் படிக்கத் தரும் இணைய அகராதி. இத்தகைய அகராதியை உரைத்துப் பார்க்க அரசியல் சொற்களே தக்கவை. ஒரு தரப்பார் வசையாகத் தொடங்கியதை மறுதரப்பார் பெருமையுடன் ஏற்றுக்கொள்ளும் விந்தை அங்கேதான் அடிக்கடி நிகழ்கிறது.

பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சி ஆதரவாளரை இன்றும் 'டோரி' என்பார்கள். துரத்திச் செல்பவர், தேடுபவர் என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லிலிருந்து பிறந்து, கொள்ளையரைக் குறித்து, 1640களில் நிலம் பறிக்கப்பட்ட ஐரிஷ் கத்தோலிக்கர்களைச் சுட்டும் இழிசொல்லாக அது நிலைத்ததை இந்த அகராதி படிப்படியாகக் காட்டுகிறது. அடுத்த படிதான் முக்கியமானது. மன்னர் இரண்டாம் சார்லஸின் தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர் என்பதால் அவருக்கு அரியணை கூடாது என்று 1679 முதல் 1681 வரை நாடாளுமன்றத்தில் போராடியவர்கள், அவரது வாரிசுரிமையை ஆதரித்த ஆங்கிலேயர்களை 'டோரி' என்று அழைத்தார்கள். அதாவது, ஐரிஷ் கொள்ளையருக்குரிய பெயரை அவர்கள்மீது சுமத்தினார்கள். பதிலுக்கு, ஜேம்ஸை எதிர்த்தவர்களுக்குக் கிடைத்த 'விக்' என்ற பெயரும், 1648இல் எடின்பரோ நோக்கி அணிவகுத்த ஸ்காட்லாந்துக் கிளர்ச்சியாளர்களின் பெயரிலிருந்தே வந்தது. இரண்டு சொற்களையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, அண்டை நாட்டாரைப் பற்றிய இளக்காரம் ஆங்கிலேயக் கட்சிச் சண்டைக்கு எப்படிப் பயன்பட்டது என்பது தெளிவாகிறது. அமெரிக்கப் புரட்சியின்போது மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு விசுவாசமாக இருந்த குடியேற்றவாசிகளும் 'டோரி' என்ற பெயரைப் பெற்றதை அகராதி மறக்காமல் குறித்திருப்பது எனக்கு மிகுந்த நிறைவளித்தது.

ஆண்டுகளை மட்டும் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். சொல்லுக்கு அருகிலுள்ள ஆண்டு, கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றின் காலமே தவிர, அச்சொல் பேச்சில் பிறந்த காலமன்று. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு வாரியாக மேற்கோள்களை அடுக்கித் தருகிறது. இங்கோ பெரும்பாலும் முடிவுகள் மட்டுமே சுருக்கமாகக் கிடைக்கின்றன. ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதுவே போதும் என்று தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் மட்டும், நூலக உறுப்பினர் அட்டை வழியாகவேனும் ஆக்ஸ்போர்டின் மேற்கோள்களோடு ஒப்பிட்ட பிறகே இதன் ஆண்டுகளை எடுத்தாள வேண்டும்.