மெட்ரிக் பிள்ளைக்கு எந்த அறிவியல் படம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெட்ரிக் (12ஆம் கிரேடு) பிள்ளை இருக்கிற வீட்டில், ஃபிசிக்ஸ் படம் தேடி யூடியூபைத் திறந்தால் கருந்துளையும் காதைப் பிளக்கும் இசையும்தான் முதலில் வந்து நிற்கும். ஒரு மணி நேரம் ஓடும். முடிந்ததும் "இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டால் பிள்ளை விழிப்பான். என் அளவுகோல் அந்த ஒரு கேள்விதான்.

வானியலாளர் கார்ல் சேகனின் 'காஸ்மோஸ்' தொலைக்காட்சித் தொடர் 1980இல் வந்தது, 13 பகுதி. அதன் விண்கலக் காட்சிகளைப் பார்த்து இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். நேராகப் பத்தாம் பகுதிக்குப் போங்கள். கோவேறு கழுதை ஓட்டிப் பிழைத்த மில்டன் ஹியூமேசன், மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் இரவிரவாக உட்கார்ந்து, விண்மீன் மண்டலங்களின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதை அளந்த கதை அதில் இருக்கிறது. 12ஆம் கிரேடு பாடத்தில் வரும் டாப்ளர் விளைவுதான் அது. அதே பகுதியில் தமிழ்நாட்டுப் பொங்கலும் நடராசரும் வருவார்கள். அதுவரை சோபாவில் கண்ணயர்ந்திருந்த எங்கள் ஆயா எழுந்து உட்கார்ந்து, "நம்ம பொங்கப் பானைடா!" என்றார்.

2014இல் நீல் டிகிராஸ் டைசன் நடத்திய புதிய 'காஸ்மோஸ்' பளபளப்பில் ஒரு படி மேல், பொறுமையில் ஒரு படி கீழ். ஏழாம் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பூமியின் வயதைக் கணக்கிடப் போன கிளேர் பேட்டர்சன், பெட்ரோலில் கலந்த ஈயத்தை எதிர்த்து மல்லுக்கட்டிய கதை. நம் நாட்டு பெட்ரோல் பங்க்குகளில் ஈய பெட்ரோல் 2006இல்தான் நின்றது.

ஒரு குறை எல்லாவற்றுக்கும் பொது. வடக்கே எடுத்த படங்களில் நிமிர்ந்து நிற்கும் ஓரியன் விண்மீன் கூட்டம், தெற்கே இருக்கிற நம் டிசம்பர் வானத்தில் தலைகீழ். அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

மதிப்பெண்தான் கவலை என்றால் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தின் 'தி மெக்கானிக்கல் யூனிவர்ஸ்'. 1985இல் தொடங்கிய தொடர். அரை மணி நேரம் வீதம் 52 பகுதி, யூடியூபில் இலவசம். டேவிட் குட்ஸ்டைன் வகுப்பெடுக்க, ஜிம் பிளின் செய்த அனிமேஷனில் சமன்பாட்டின் உறுப்புகள் இடம்விட்டு இடம் தாவி, வெட்டுப்பட்டு, கடைசியில் விடையாக நிற்கும். உந்த அழியாமையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படம் வேறு நான் பார்த்ததில்லை. ஆனால் நுண்கணிதம் தாராளமாக வரும். நம் ஃபிசிக்ஸ் தாளில் அது கிடையாது. அந்த இடங்களைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம்.

'பார்ட்டிக்கிள் ஃபீவர்' 2013இல் வந்த தனிப்படம். கணக்கு ஒரு வரி இல்லை, ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில், துகள்களை மோதவிடும் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எந்திரம் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கி, ஒன்பதாம் நாளே மின் இணைப்பு ஒன்று பழுதாகி, ஹீலியம் கசிந்து படுத்துவிடுகிறது. லோட்ஷெடிங் என்ற மின்வெட்டில் வெந்த நமக்கு அந்த விஞ்ஞானிகளின் முகம் புதிதல்ல. 2012 ஜூலை 4 அன்று பல பத்தாண்டுகளாகத் தேடிய ஹிக்ஸ் துகளை அறிவிக்கிறார்கள். எடை சுமார் 125 ஜிஇவி (துகள்களின் எடையை அளக்கும் அலகு). கோட்பாட்டு விஞ்ஞானிகளில் ஒரு கட்சி 115 பக்கம் எதிர்பார்த்தது, இன்னொரு கட்சி 140 பக்கம். இரண்டுக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. பாடப்புத்தகம் முடிந்த விடையைத்தான் தரும். விடைக்காகக் காத்திருந்து, வந்த விடை யாருக்கும் முழுசாகப் பிடிக்காமல் போவதை இதில்தான் பார்க்கலாம்.

ஆகவே ஜூன் விடுமுறைக்கு 'பார்ட்டிக்கிள் ஃபீவர்'. செப்டம்பர் ட்ரையல்ஸ் (இறுதித் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வு) நெருங்கிவிட்டால் குட்ஸ்டைன் மட்டும் போதும், அதுவும் படிக்கிற பாடத்துக்கு ஒரு பகுதி வீதம்.