பாரிஸிலிருந்து ஒரே நாளில் பிரிட்டனி கோட்டைகள்: முன்பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்

பிரான்ஸின் வடமேற்கில் உள்ள பிரிட்டனியில் நான்கு கோட்டை, ஒரு பழைய கிராமம், நதிப் பள்ளத்தாக்கில் படகுச் சவாரி, மதியச் சாப்பாடு, கூடவே வழிகாட்டி. எல்லாம் ஒரே நாளில், தலைக்கு 185 யூரோ. இந்த விளம்பரத்தை நம்பி, எங்களுக்குத் தெரிந்த எட்டுப் பேர் போன கோடையில் பாரிஸில் காலை 7 மணிக்கு வேன் ஏறினார்கள். இரவு 10 மணிக்குத் திரும்பி இறங்கும்வரை ஒரு கோட்டையின் கட்டடத்துக்குள்கூட அவர்கள் கால் வைக்கவில்லை. படகும் இல்லை. போதாக்குறைக்கு, இறங்கும்போது 'பிரிட்டனி டோல்' என்று தலைக்கு 12 யூரோ வாங்கிக்கொண்டார்கள். அந்த வேன்காரர் பெயர் இங்கே தேவையில்லை. இதே வகை விளம்பரம் வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டே இருக்கும். அதை எப்படிப் பிடிப்பது என்பதுதான் முக்கியம்.

முதலில் கிலோமீட்டரைக் கூட்டுங்கள். துண்டறிக்கையில் இருந்த வரிசை இது: ஃபூஜேர், வித்ரே, த்ரெசெஸ்ஸோன், ஜோஸ்லான் கோட்டைகள், ரோஷ்ஃபோர்-ஆன்-தேர் கிராமம், கடைசியில் தினானில் படகு. பாரிஸிலிருந்து ஃபூஜேர் சுமார் 310 கி.மீ. அங்கிருந்து வித்ரே 30, பிறகு த்ரெசெஸ்ஸோன் ஏறத்தாழ 90, ஜோஸ்லான் 25, ரோஷ்ஃபோர் 40, தினான் 110, பாரிஸ் திரும்ப 400. மொத்தம் ஆயிரம் கிலோமீட்டரைத் தொடுகிறது. பிரிட்டனியின் நாலுவழிச் சாலையில் மணிக்கு 110 போகலாம், ஆனால் கிராமப்புற இருவழிச் சாலைகளில் பொதுவாக 80 தான் உச்சவரம்பு. வண்டி ஓட்டமே பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அப்படியிருக்க, எதைப் பார்க்க நேரம் மிஞ்சும்?

இந்தக் கணக்கு வேன்காரருக்கும் தெரியும். அதனால்தான் அது பேருந்து இல்லை, வேன். ஐரோப்பிய விதிப்படி, ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு மேல் ஏற்றும் வண்டியின் ஓட்டுநர் நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். எட்டுப் பயணிகளும் ஓட்டுநருமாக ஒன்பது பேர் மட்டும் போகும் வேனை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் தூக்கத்தோடு போராடும் ஒருவர் கையில் உங்கள் குடும்பம் இருக்கிறது. பணம் போவதைவிட எங்களுக்கு இதுதான் பெரிய கவலை.

அடுத்தது 'பார்க்கலாம்' என்ற சொல். அந்தத் துண்டறிக்கையில் எந்த இடத்திலும் 'உள்ளே' என்ற வார்த்தை இல்லை. ஜோஸ்லானுக்கு 2.15க்குப் போய்ச் சேர்ந்து, ஊஸ்த் ஆற்றுப் பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார்கள். ஆற்றுப் பக்கம் தெரிவது பாறையிலிருந்து நேராக எழும் மூன்று வட்டக் கோபுரங்களும் மொட்டைச் சுவரும். கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டையின் உயிர் முற்றத்துப் பக்கம் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய அந்த முகப்பில், கூரை ஜன்னல்களுக்கு இடையில் கருங்கல்லைப் பூவேலைத் துணிபோலத் துளைத்துக் கைப்பிடிச் சுவர் செய்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் ரோஆன் குடும்பத்தின் குறிக்கோளான 'ஆ ப்ளூஸ்' என்ற சொற்களையே கல்லில் குடைந்திருப்பது தெரியும். லுவார் பக்கத்துக் கோட்டைகளின் மிருதுவான சுண்ணாம்புக்கல் இல்லை இது. உளியை மழுக்கும் கருங்கல். பாலத்திலிருந்து இதில் ஒரு இழைகூடத் தெரியாது. ரோஆன் குடும்பத்தார் இன்றும் அங்கே வசிப்பதால், உள் அறைகளை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். முற்றமும் அறைகளுமாக ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்காத எந்தப் பயணமும் ஜோஸ்லானைக் காட்டியதாக ஆகாது.

ஃபூஜேர் அப்படி இல்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். பதின்மூன்று கோபுரங்களோடு அந்தக் கோட்டை மலை உச்சியில் இல்லாமல், நான்சோன் ஆறு வளையும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. மேல் ஊரின் பொதுப் பூங்காவிலிருந்து முழுவதையும் குனிந்து பார்க்கலாம், காசு கிடையாது. உள்ளே பெரும்பாலும் சுவர்களும் வெட்டவெளியும்தான். நேரம் குறைவென்றால் வெளியிலிருந்து பார்ப்பதே போதும்.

வித்ரேயில் நடந்ததுதான் அப்பட்டமான ஏமாற்று. கோட்டை முற்றத்துக்கு 'நுழைவுக் கட்டணம்' என்று தலைக்கு 8 யூரோ வாங்கியிருக்கிறார்கள். அந்த முற்றத்தில்தான் நகராட்சி அலுவலகமே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். சீட்டு வாங்க வேண்டியது கோபுரத்து அருங்காட்சியகத்துக்கு மட்டும். த்ரெசெஸ்ஸோன் தனியார் சொத்து. சிவப்புக் கற்சுவர்கள் நீரில் நிழலாட நிற்கும் அழகான இடம், ஆனால் வழக்கமாக வெளியே குளக்கரையில் நின்று பார்ப்பதோடு சரி. அதை 'கோட்டைச் சுற்றுலா' என்று விற்பது தவறு. இப்படிப்பட்ட தனியார் கோட்டைகள் பல, செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் வரும் மரபுச் சின்ன நாட்களில் திறப்பதுண்டு. ஆசை இருந்தால் அந்தத் தேதிக்குத் திட்டமிடுங்கள்.

படகு ஏன் இல்லை என்று கேட்டதற்கு 'அலை சரியில்லை' என்றார்களாம். தினான் வழியாக ஓடும் ரான்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் 1966 முதல் அலைமின் நிலைய அணை இருக்கிறது, நீர்மட்டம் கடல் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. அதனால் தினானுக்கும் கடலோர ஊரான சான்-மாலோவுக்கும் இடையில் ஓடும் படகின் நேரம் நாளுக்கு நாள் மாறும், குளிர்காலத்தில் ஓடாது. ஆனால் நேர அட்டவணை முன்கூட்டியே வெளியாகிவிடும். அன்றைக்குக் காலையில் திடீரென்று தெரியவரும் விஷயம் இல்லை. 'தினமும் படகு' என்று அச்சடித்திருந்தால், அவர்கள் அதற்குச் சீட்டே எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் அப்படித்தான். கிராமத்துக் கிரேப் (தோசைபோன்ற மெல்லிய பண்டம்) கடைகளில் மதிய அடுப்பு 12 முதல் 2 மணி வரைதான், 2.15க்குப் போனால் கைவிரிப்பார்கள். திங்கட்கிழமை பல கடைகள் திறப்பதே இல்லை. சைவக்காரர்கள் கவனிக்க: 'கலெத் கோம்ப்ளெத்' என்றால் முட்டை, சீஸோடு பன்றி இறைச்சியும் இருக்கும். 'சான் ஜாம்போன்' (பன்றி இறைச்சி இல்லாமல்) என்று சொல்லி வாங்குங்கள்.

டோல் விஷயம் சுத்தப் பொய். பிரிட்டனிக்குள் சுங்கச் சாலையே கிடையாது. பாரிஸிலிருந்து பிரிட்டனியின் தலைநகரான ரென் போகும் வழியில் கடைசிச் சுங்கச்சாவடி லா கிராவெல். அது பிரிட்டனி எல்லைக்குச் சற்று முன்னாலேயே முடிந்துவிடும். அதுவரைக்குமான டோல் பயணக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டியது.

சட்டப் பக்கம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தொகுப்புப் பயணங்களுக்கான ஐரோப்பியப் பாதுகாப்பு, 24 மணி நேரத்துக்குக் குறைவான, இரவுத் தங்கல் இல்லாத பயணத்துக்குப் பொருந்தாது. ஒருநாள் பயணத்தில் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் எழுத்தில் உள்ள விவரம் மட்டுமே. ஆகவே பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: எந்தக் கோட்டைக்குள் நுழைவுச்சீட்டு உண்டு, எந்த இடத்தில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, வழிகாட்டியிடம் தொழில் அட்டை இருக்கிறதா, டோல் சேர்த்தியா. பயண முகவர் என்று சொல்லிக்கொண்டால் 'ஐ.எம்.' என்று தொடங்கும் ஒன்பது இலக்கப் பதிவு எண்ணைக் கேட்டு, பிரெஞ்சுச் சுற்றுலா அமைப்பான அதூ பிரான்ஸின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

முன்பணத்துக்குப் பிரெஞ்சில் இரண்டு சொல் உண்டு. 'ஆர்' என்றால் நீங்கள் ரத்து செய்தால் அது போய்விடும், அவர்கள் ரத்து செய்தால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். 'அகோன்த்' என்றால் ஒப்பந்தம் உறுதி, விலகினாலும் முழுத் தொகையைக் கேட்கலாம். ரசீதில் எதுவும் எழுதாவிட்டால் சட்டம் அதை 'ஆர்' என்றே எடுத்துக்கொள்ளும். ரொக்கமும் வங்கிப் பரிமாற்றமும் வேண்டாம். கார்டில் கட்டினால் தொகையைத் திரும்பக் கோரி வங்கியை அணுக வாய்ப்பாவது இருக்கும்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் துண்டறிக்கை, ரசீது, நேரம் பதிவான படங்கள் எல்லாவற்றையும் வைத்திருங்கள். முதலில் விற்றவருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். பதில் வராவிட்டால், அவர் ஒப்பந்தத்தில் கட்டாயம் குறிப்பிட்டிருக்க வேண்டிய நுகர்வோர் சமரசரிடம் போகலாம்; அதற்குக் கட்டணம் இல்லை. அரசின் 'சின்யால் கோன்சோ' தளத்திலும் புகாரைப் பதிந்து வையுங்கள்.

பிரிட்டனியை உண்மையிலேயே பார்க்க நினைப்பவர்கள் பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் ரென். வித்ரேக்கும் தினானுக்கும் ரயில் போகிறது, ஃபூஜேருக்குப் பேருந்து. ஜோஸ்லானுக்கும் ரோஷ்ஃபோருக்கும் ரென்னில் ஒரு நாள் கார் எடுங்கள். காலை 9 மணிக்குக் கிளம்பினால் 10 மணிவாக்கில் ஜோஸ்லான், முதலில் கால்வாய்க் கரைப் பாதையில் ஒரு நடை, 12க்கு அங்கேயே சாப்பாடு, பிறகு கோட்டை, மாலையில் ரோஷ்ஃபோர்.