சுடோகுவுக்கு ஜெனடிக் அல்கோரிதம்: நீண்ட நாள் பாவனைக்குப் பிறகு

ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஐ.சி.டி. படிப்பிக்கிறேன். பைதன் கணினி மொழியில் ஜெனடிக் அல்கோரிதம் எழுதிப் புதிர்களோடு மல்லுக்கட்டுவது சில வருடமாக இருக்கும் பழக்கம். கண்டபடி உருவாக்கிய விடைகளின் கூட்டமொன்றில் நல்லவற்றைப் பெற்றோராக எடுத்து, கலந்து, கொஞ்சம் மாற்றி, தலைமுறை தலைமுறையாக மேம்படுத்திப் பார்க்கும் முறை அது. சுடோகுவுக்கு விடை கிடைத்தால் போதும் என்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்து, சிக்கினால் பின்வாங்கி அடுத்ததைப் போடும் பேக்டிராக்கிங் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும்.

நான் செய்வது இதுதான். கொடுத்த எண்களை அசைக்காமல், ஒவ்வொரு நிரையிலும் 1 முதல் 9 வரை ஒருமுறை வரும்படி கண்டபடி நிரப்புவேன். அப்புறம் நிரல்களிலும் 3×3 பெட்டிகளிலும் எத்தனை எண் திரும்ப வருகிறது என்று எண்ணுவேன், பூச்சியம் வந்தால் அதுதான் விடை. இரண்டு பெற்றோரிடமிருந்து முழு நிரைகளாக எடுத்துப் பிள்ளையை உருவாக்குவதும், மியூட்டேஷனாக ஒரு நிரைக்குள்ளேயே இரண்டு எண்களை இடம் மாற்றுவதும் எனக்கு நன்றாகவே ஒத்துவந்தன.

ஆரம்பத்தில் பிழைகள் மளமளவென்று குறையும், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். பிறகு இரண்டில் வந்து நின்றுவிடும், எத்தனை தலைமுறை ஓடவிட்டாலும் அசையாது, ஏனென்றால் இரண்டே பிழை என்பதால் விடை பக்கத்தில் இருக்கிறது என்று இல்லை, அந்த இரண்டையும் நீக்கப் பாதிக் கட்டங்களைப் புரட்டிப்போட வேண்டியிருக்கலாம். அதற்குள் கூட்டம் முழுக்க ஒரே சாயலுக்கு வந்திருக்கும், ஒரே தாய்ச்செடியில் வெட்டி நட்ட வீ.பி. தேயிலை மலை மாதிரி. மியூட்டேஷனைக் கூட்டினால் வெறும் குருட்டுத் தேடலாகிவிடுகிறது. சிறந்த சிலதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாக நிரப்புவதுதான் ஓரளவு உதவியது, அதுவும் எப்போதும் இல்லை.

செஸ் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாதபடி வைக்கும் எட்டு ராணிப் புதிரில் இந்தத் தொல்லை குறைவு. 92 விடைகள் இருப்பதால் எதிலாவது ஒன்றில் போய் விழுந்துவிடும். ஆனால் நிரைக்கொன்று, நிரலுக்கொன்று என்று வைத்தால் மொத்தமே 40,320 அடுக்குகள்தான், வரிசையாகச் சோதித்தாலே முடிந்தது.

இத்தனைக்கும் பிறகு ஏன் விடவில்லை என்றால், டியூஷன் நேரசூசி. தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் வரும் சேருக்குக் காலையில் முதல் வகுப்பு வைக்கக் கூடாது, இருக்கிற ஒரே கணினி அறையில் இரண்டு வகுப்பு மோதக் கூடாது, பின்னேரம் தோட்டத்துக்குத் திரும்பும் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் தவறக் கூடாது. இங்கே ஒரேயொரு சரியான விடை கிடையாது, மோதல் இல்லாமல் பெரும்பாலானோருக்கு ஒத்துவந்தால் போதும். அறை மோதலுக்குப் பெரிய தண்டப்புள்ளி, பஸ் சங்கடத்துக்கு நடுத்தரம், சேர்மாரின் விருப்பத்துக்குச் சின்னது என்று போட்டு இரவில் ஓடவிடுவேன். காற்று மழைக் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, ஆகவே நூறு தலைமுறைக்கு ஒருதரம் கூட்டத்தை ஃபைலில் எழுதிவைக்கிறேன். காலையில் நாலைந்து நல்ல நேரசூசிகளை மேசையில் வைத்தால், எது வேண்டும் என்று சேர்மார் தங்களுக்குள் சண்டை பிடித்து முடிவெடுப்பார்கள்.